பதினான்காவது கேள்வி

ஒவ்வொரு அழைப்புக்கும் முன்னால் ஒரு மிடறு வெந்நீர் குடித்துவிட்டு, எதிரே இருக்கும் வெள்ளைச் சுவரைப் பார்த்து அக்கா சிரிப்பாள். சிரித்த முகத்தோடு பேசினால் குரலிலும் அது கேட்கும் என்று வேலைக்குச் சேர்ந்த புதிதில் எங்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். நாங்கள் எல்லாம் அந்த வாரமே அதை மறந்துவிட்டோம். அக்கா மட்டும் இன்றைக்கும் சுவரோடு சிரித்துக்கொண்டிருக்கிறாள். காதுக் கருவியை வலது காதில் மட்டும்தான் மாட்டுவாள். இடது காது அறைக்கு. எதிர்முனையில் ஒருவர் தன் மூல வியாதியை விலாவாரியாகச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, இந்தப் பக்கம் யாராவது கிசுகிசுத்தால் திரும்பிப் பார்த்துப் புருவத்தை உயர்த்துவாள்.

எங்கள் வேலை மக்கள் கருத்தைக் கேட்டுப் பதிவது. குளியல் சோப்பைப் பற்றிக் கேட்டிருக்கிறோம், பேருந்துக் கட்டணத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறோம். இப்போது பல மாதங்களாகத் தேசிய மருத்துவத் திட்டம். யாரை அழைப்பது என்பதைக் கணினி குருட்டாம்போக்கில் முடிவு செய்யும். எடுத்தவர் ஒப்புக்கொண்டால், திரையில் வரும் கேள்வியை ஓர் எழுத்துக்கூட மாற்றாமல் வாசிக்க வேண்டும். பதிலுக்கு ஐந்து பொத்தான்கள். முழுமையாக ஏற்கிறேன் என்றால் ஒன்று, முழுமையாக மறுக்கிறேன் என்றால் ஐந்து, நடுவில் மூன்று வகை மழுப்பல். நான் அதே அறையின் கடைசி மேசையில் உட்கார்ந்து, இரண்டு பக்கப் பேச்சையும் காதில் வாங்கி, கேட்பவர்கள் ஒழுங்காகக் கேட்கிறார்களா என்று மதிப்பெண் போடுகிறவள். தரப் பரிசோதகர் என்று மேசைப் பலகையில் எழுதியிருக்கிறது. “ஒட்டுக்கேக்கறதுக்குச் சம்பளம் வாங்குறவ” என்று அக்கா சொல்வாள்.

எங்களுக்குச் சில வார்த்தைகள் விலக்கு. ‘அப்படியா’ என்றால் எதிராளி தான் சொன்னதைத் திருத்திக்கொள்வார். ‘ஐயோ பாவம்’ என்றால் இன்னும் கொஞ்சம் சேர்த்துச் சொல்வார். ஆகையால் இரண்டுக்கும் மதிப்பெண் வெட்டு. அனுமதிக்கப்பட்ட ஒரே வார்த்தை ‘சரிங்க’. அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு அக்கா ஒரு குடும்பமே நடத்துவாள். குழந்தை பிழைத்தது என்று சொன்னால் ஒரு சரிங்க, பிழைக்கவில்லை என்று சொன்னால் இன்னொரு சரிங்க. எழுத்தில் இரண்டும் ஒன்றுதான், என்னால் வெட்ட முடியாது. அறையில் அவளுக்குச் சரிங்கக்கா என்றே பெயராகிவிட்டது.

மக்கள் கருத்து என்பது செய்தித்தாளில் சதவீதமாக வரும்போது வெகு அடக்கமாக இருக்கும். காதில் வரும்போது அப்படி இல்லை. “கார்டு இருக்கு, டாக்டர் இல்ல” என்கிறார் ஒருவர். “டாக்டர் இருக்காரு, ஆனா என் மூஞ்சியப் பாக்க மாட்டேங்கிறாரு, கம்ப்யூட்டர் மூஞ்சியத்தான் பாக்குறாரு” என்கிறார் அடுத்தவர். “முன்னாடி காசு கேட்டுக் கொன்னாங்க, இப்பக் காக்க வச்சுக் கொல்றாங்க, மத்தபடி பரவால்ல” என்று ஒரு தையல்காரர் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, இதில் எந்தப் பொத்தான் வரும் என்று அவரே விசாரித்தார். ஓர் அம்மாள் எல்லாக் கேள்விக்கும் ஒன்று, ஒன்று என்றே சொல்லிக்கொண்டு வந்து, கடைசியில் தணிந்த குரலில் “கார்டப் புடுங்கிட மாட்டீங்களே?” என்றாள். இன்னொருவர் எல்லாவற்றுக்கும் ஐந்து போடச் சொன்னார். கேட்டுக்கொண்டே போனதில், அவர் மருமகன் சுகாதாரத் துறையில் குமாஸ்தா என்பதும், மாமனாரை மதிப்பதில்லை என்பதும் தெரிந்தது.

பெரும்பாலானவர்கள் சொல்லும் பதில் வேறு. “நீங்களே ஏதாச்சும் போட்டுக்கோங்கம்மா.” இதைக் கேட்டதும் வேகத்தில் இருப்பவர்கள் நடுப் பொத்தானை அழுத்திவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்கள். அக்கா போக மாட்டாள். “கேள்வியை மறுபடி வாசிக்கிறேன்” என்பாள். வாசிப்பாள். அதற்கும் மசியவில்லை என்றால் இன்னொரு தரம் வாசிப்பாள். அவசரப்படுத்துகிற மாதிரியும் இருக்காது, கெஞ்சுகிற மாதிரியும் இருக்காது. ஒருவர் பொறுமை இழந்து, “ஏம்மா, உனக்கு வேற வேலையே இல்லியா?” என்றார். “சரிங்க” என்று சொல்லிவிட்டு மறுபடி வாசித்தாள்.

இந்தப் பழக்கம் வீட்டுக்கும் போய்விட்டது. அவள் வீட்டுக்காரர் மின்விசிறி பழுது பார்ப்பவர். சாப்பாடு எப்படி என்று அவள் கேட்டால் அவர், “இந்தச் சாம்பிள்ல நான் ஒருத்தன்தான், என்னத்தச் சொல்றது” என்பாராம். காய்கறிக் கடையில் விலை கேட்டு, கடைக்காரர் காதில் விழாத மாதிரி இருந்தபோது, “கேள்வியை மறுபடி வாசிக்கிறேன்” என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டதை அக்காவே எங்களிடம் சொல்லிச் சிரித்தாள்.

சிரிக்க முடியாத ஒன்றும் நடந்தது. அவளுக்கு ஒரே மகள். செவிலியர் படிப்பு முடித்தவள். யாரும் வேலைக்குப் போகாத ஊர்களில் சின்னச் சின்ன மருத்துவ நிலையங்கள் திறந்து, படித்து வெளிவருகிற செவிலியர்களை ஓர் ஆண்டுக்கு அங்கே அனுப்புவது என்பது புதுத் திட்டத்தின் ஒரு பகுதி. அக்கா மகளுக்கு மலை உச்சிக்கு அருகே ஓர் ஊர் கிடைத்தது. அங்கே கைபேசிக்கு சிக்னல் கிடைக்கும் இடம் தண்ணீர்த் தொட்டியின் மேல்படி ஒன்றுதான். அதில் ஏறி நின்றுதான் அவள் அம்மாவை அழைப்பாள். போன புதிதில், நாளெல்லாம் கேள்வி கேட்டுக் களைத்துப் போயிருந்த ஒரு மாலையில், கைபேசி அடித்ததும் அக்கா எடுத்து, “வணக்கம், இந்த அழைப்பு தரப் பரிசோதனைக்காகப் பதிவு செய்யப்படலாம்” என்றாள். மகள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் எப்போது அழ ஆரம்பித்தாள் என்று தனக்குத் தெரியவில்லை என்று அக்கா சொன்னாள். காற்று இரைச்சலில் இரண்டும் ஒரே மாதிரிதான் கேட்டதாம். “அம்மா, பதிவு பண்ணிக்கோ. எனக்கு வீட்டுக்கு வரணும்” என்றாளாம்.

அன்று முதல் அக்காவின் கண் திரையின் மேல் மூலையிலேயே இருக்கிறது. யாரை அழைக்கப் போகிறோம் என்று அங்கே தெரியாது, எந்தப் பகுதி என்பது மட்டும் தெரியும். மலைப்பகுதியின் எண் வந்தால் நாற்காலியை முன்னுக்கு இழுத்துக்கொள்வாள். எதிர்முனையில் பேசுகிறவரை விட்டுவிட்டு, அவருக்குப் பின்னால் என்ன கேட்கிறது என்று கவனிப்பாள். ஒருநாள் அங்கிருந்து ஒரு கடைக்காரர் எடுத்து, “இப்ப நேரமில்ல” என்று சொல்லி வைத்துவிட்டார். அதற்கே அக்காவுக்கு அன்று முழுவதும் முகம் மலர்ந்திருந்தது. என்னக்கா என்றேன். “அந்தப் பக்கத்துக் காத்து கேட்டுச்சு” என்றாள். அதற்கு மேல் அவளைக் கிண்டல் செய்ய எனக்கு மனசு வரவில்லை.

அந்த ஓர் ஆண்டு முடிய இன்னும் கொஞ்சம்தான் இருக்கிறது. மகளின் கட்டிலுக்கு விரிப்பு மாற்றியாயிற்று. அவள் அறை மின்விசிறிக்கு அவள் அப்பா புது விசை போட்டாயிற்று. இந்த நிலையில்தான், மேலிடத்திலிருந்து வந்த கேள்விகளில் பதினான்காவதாக ஒன்று சேர்ந்தது. ‘தொலைதூர ஊர்களில் பணியாற்றும் செவிலியர்களை மேலும் இரண்டு ஆண்டுகள் அங்கேயே பணியில் வைத்திருக்க வேண்டும் என்பதை நீங்கள் ஏற்கிறீர்களா, மறுக்கிறீர்களா?’ மக்கள் என்ன சொல்கிறார்களோ அதைப் பார்த்துத்தான் முடிவு செய்யப்போவதாகச் சொல்லிக்கொண்டார்கள்.

நகரத்து ஆட்களுக்கு அந்தக் கேள்வி ஒரு பொருட்டே இல்லை. “இருக்கட்டுமே, என்ன போச்சு” என்று ஒன்றைப் போடச் சொல்வார்கள். என்ன போச்சு என்று இவர்களுக்கு யார் சொல்வது என்று எனக்கே கோபம் வரும். அக்கா “சரிங்க” என்று சொல்லி ஒன்றை அழுத்துவாள். நான் வேண்டுமென்றே அந்த இடத்தில் அவளுடைய அழைப்புகளைத் திரும்பத் திரும்பக் கேட்டுப் பார்த்தேன். மற்றக் கேள்விகளை எப்படி வாசிப்பாளோ அதே மாதிரிதான் இதையும் வாசித்தாள். சிரித்த முகத்தோடு. சாப்பாட்டு நேரத்தில் ஒருநாள், “பதினாலுக்கு உங்க கருத்து என்னக்கா?” என்று கேட்டுவிட்டேன். டப்பாவை மூடிக்கொண்டே, “என் நம்பரு இன்னும் மெஷின்ல வரலியே” என்றாள்.

போன வாரம் மலைப்பகுதி எண் ஒன்று விழுந்தது. அவள் நாற்காலி நகரும் சத்தம் கேட்டு, நானும் என் கருவியில் அவளுடைய அழைப்பைத் திறந்துகொண்டேன்.

“யாருங்க? இருங்க, மில்ல நிறுத்திட்டு வர்றேன்” என்றது ஓர் ஆண் குரல். மாவு அரைக்கிற இயந்திரம் முனகி முனகி அடங்கியது. ஊர்ப் பெயரைச் சொன்னார். மலைப் பாதையில் பாதி தூரத்தில் இருக்கும் ஊர். அக்கா மகள் இருப்பது அதற்கும் மேலே.

மில்காரர் தயவு தாட்சண்யம் பார்க்கிறவர் இல்லை. மருத்துவ நிலையத்தின் கட்டடத்துக்கு ஐந்து போடச் சொன்னார். “வெளிய தூறுனா உள்ள பேயுதுங்க.” மருந்துக்கு நான்கு. டாக்டருக்கு ஐந்து. “ஜீப்புல வருவாரு. இஞ்சின அணைக்கவே மாட்டாரு.” செவிலியரின் கவனிப்பு என்று வந்ததும் குரல் மாறியது.

“அந்த சிஸ்டர் பொண்ணுக்கா? ஒண்ணு போடுங்க. ஒண்ணுக்கும் மேல எதுனா இருந்தா அதப் போடுங்க. என் வீட்டம்மாவுக்குச் சக்கரப் புண்ணுங்க. கால எடுத்துடணும்னு பெரிய ஆஸ்பத்திரியில சொல்லிட்டாங்க. இந்தப் பொண்ணு தெனம் வீட்டுக்கு வந்து, பாட்டுப் பாடிக்கிட்டே கட்டு மாத்துது. நானும் பாத்துக்கிட்டே வர்றேன், புண்ணு சுருங்கிட்டே வருது.”

“சரிங்க” என்றாள் அக்கா. அவள் மகளுக்குப் பாட்டு சுட்டுப் போட்டாலும் வராது. இது வேறு யாரோ பெற்ற பெண் என்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனாலும் அவள் இடது காதையும் கையால் பொத்திக்கொண்டாள்.

பதினான்காவது கேள்வியை வாசித்தாள்.

“புரியுதுங்களா?” என்றுகூடக் கேட்கக் கூடாது. காத்திருந்தாள்.

“அந்தப் பொண்ண இன்னும் ரெண்டு வருசம் இங்கயே வச்சுக்கலாமான்னு கேக்குறீங்க” என்றார் மில்காரர் மெதுவாக. “வச்சுக்கணும்னுதான் ஆச. ஆனா அதுக்கும் ஆத்தா அப்பன் இருப்பாங்க இல்ல? அன்னிக்கு ஒருநா மில்லுக்குப் பின்னாடி ஒக்காந்து அழுதுக்கிட்டிருந்துச்சு. என்னம்மான்னேன். ஒண்ணுமில்ல, கண்ணுல மாவு பட்டுடுச்சுன்னுச்சு. மில்லு அன்னிக்கு ஓடவே இல்லைங்க.”

அக்காவிடமிருந்து வர வேண்டிய சரிங்க வரவில்லை.

“எனக்கு எதச் சொல்றதுன்னு தெரியல. வேணும்னு சொன்னா அந்தப் பொண்ணுக்குப் பாவம் பண்ண மாதிரி. வேணாம்னு சொன்னா இவ கால் போயிடும். நீங்க படிச்சவங்க, நாலு பேருகிட்டப் பேசுறவங்க. நீங்களே சொல்லுங்கம்மா. நீங்க எதப் போட்டாலும் எனக்குச் சம்மதந்தான்.”

நான் என் மேசையிலிருந்து அவள் முதுகைப் பார்த்தேன். கை பொத்தான் பலகையின் மேல் இருந்தது. ஐந்தை அழுத்தினால் போதும். அவரே சம்மதம் என்று சொல்லிவிட்டார். கேட்பதற்கு என்னைத் தவிர ஆள் இல்லை. நானோ அந்த நிமிஷத்தில் காதுக் கருவியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிடத் தயாராக இருந்தேன். அழுத்திவிடு அக்கா, என்று மனசுக்குள் சொன்னேன். உண்மையாகவே சொன்னேன். ஆயிரக்கணக்கான பதில்களில் ஒரு பதிலால் எந்த மகளும் வீடு திரும்பப் போவதில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் அவள் தனக்காக ஒரே ஒரு தரம் அழுத்திக்கொள்ளட்டும் என்று இருந்தது.

“கேள்வியை மறுபடி வாசிக்கிறேன்” என்றாள் அக்கா.

வாசித்தாள். அவர் பெருமூச்சு விட்டார். உள்ளேயிருந்து ஒரு பெண் குரல், யாரு, என்ன கேக்குறாங்க, என்றது. அவர் போனைப் பொத்தாமலே அவளுக்கு விளக்கினார். “அந்தப் புள்ள போயிடுமா?” என்றது அந்தக் குரல். அக்கா மூன்றாம் முறை வாசித்தாள். பாதியில் குரல் கொஞ்சம் பிசகியது. நிறுத்தி, வெந்நீர் குடித்து, விட்ட இடத்திலிருந்து தொடராமல் முதலிலிருந்து வாசித்து முடித்தாள்.

“இருக்கணும்னே போட்டுக்கோங்க” என்றார் மில்காரர். “முழுசா. அந்தப் பொண்ணப் பெத்தவங்க எங்கள மன்னிக்கணும்.”

அக்கா ஒன்றை அழுத்தினாள். என் திரையிலும் விழுந்தது. இனி நன்றி சொல்லி முடிக்க வேண்டியதுதான். அவள் முடிக்கவில்லை.

“அந்தப் பொண்ணு வேளைக்குச் சாப்பிடுதாங்க?” என்றாள்.

அப்படி ஒரு கேள்வி எங்களிடம் இல்லை. மில்காரருக்கு அது தெரியாதே. மற்றக் கேள்விகளைவிட இது அவருக்கு எளிதாக இருந்தது போலும். “எங்க வீட்டுலதாங்க சாப்பாடு. மறந்துபோனா இவ சத்தம் போட்டுக் கூப்புடுவா. சாப்பாட்டுக்குக் கொற இல்ல. குளிருதான் அதுக்கு ஆகல. கீழ வளந்த புள்ளைங்க. ரெண்டு சொட்டரப் போட்டுக்கிட்டுத்தான் படுக்குது.”

“இன்னும் மேல இருக்கிற ஊருங்கள்ல?”

“மேலயா? அத ஏன் கேக்குறீங்க. அங்க இருக்கிறவங்களுக்கு விடியறதே பத்து மணிக்குத்தான்” என்றவர், சற்று நிறுத்தி, “இதுவும் கவர்மெண்டு கேக்கச் சொல்லுச்சுங்களா?” என்றார்.

“இல்லைங்க. நான்தான் கேட்டேன்” என்றாள் அக்கா. நன்றி சொன்னாள். மில் மறுபடி ஓடத் தொடங்கியது கேட்டது. அது ஓடுவதைக் கேட்டுக்கொண்டு அவள் இருக்க, அவர்தான் வைத்தார்.

அடுத்த அழைப்புக்குப் போகாமல் நேரே என் மேசைக்கு வந்தாள். கண் வறண்டுதான் இருந்தது. “எழுதாத கேள்வி ரெண்டு கேட்டுட்டேன். வெட்டிக்கோ” என்றாள். கேட்டும் கேட்காதது போல் இருந்துவிடலாம் என்றுதான் நினைத்திருந்தேன். அப்படி இருந்தால் என்னோடு ஒரு மாதம் பேச மாட்டாள். வெட்டினேன். எத்தனை வெட்டினேன் என்று எட்டிப் பார்த்துச் சரிபார்த்துவிட்டுப் போனாள். போகும்போதே கைபேசியில் வீட்டுக்காரரை அழைத்து, பெட்டியைத் திறந்து அதை எடுத்து வரும்படிச் சொன்னாள்.

சாயங்காலம் வேலை முடிந்து நாங்கள் வெளியே வந்தபோது, அவர் வாசலில் வண்டியை நிறுத்திக்கொண்டு நின்றார். கையில் ஒரு பெரிய கனத்த கம்பளி. “மக போனதுலேர்ந்து கேட்டுக்கிட்டிருக்கா, அனுப்பு அனுப்புன்னு. இவதான் பொட்டியில வச்சுப் பூட்டிட்டா. கம்பளியக் குடுத்தா அங்கயே தங்கிடுவாளாம். சீக்கிரம் வரப்போறவளுக்கு எதுக்குங்கிறா. இப்ப என்ன திடீர்னு?” என்று என்னிடம் கேட்டார். அக்கா காதில் விழாத மாதிரி கம்பளியை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தாள். நானும் அவள் பின்னால் நடந்தேன். அவள் சொல்லட்டும்.

பார்சல் அனுப்பும் கடையில் கூட்டமில்லை. கடைப்பையன் பிளாஸ்டிக் உறை ஒன்றை நீட்டினான். அது வேண்டாம் என்று சொல்லிவிட்டு, காகிதமும் கயிறும் வாங்கினாள். மேடைமேல் கம்பளியைப் போட்டு, மடித்து, முழங்கையால் அழுத்திக் காற்றை வெளியேற்றி, மறுபடி மடித்தாள். அது அடங்காமல் உப்பிக்கொண்டே வந்தது. மேலே சாய்ந்து படுத்த மாதிரி அழுத்திப் பிடித்துக்கொண்டு, காகிதத்தைச் சுற்றி, கயிற்றை நீளவாக்கிலும் குறுக்கிலும் கொண்டுவந்தாள்.

“ஏம்மா, இதுல கொஞ்சம் விரல வை” என்றாள்.

கயிறு சேரும் இடத்தில் விரலை வைத்து அழுத்தினேன். அதன்மேல் ஒரு முடிச்சுப் போட்டு இழுத்தாள். வழக்கமாக அந்த இடத்தில் விரலை எடுக்கச் சொல்வார்கள். அவள் சொல்லவில்லை. இரண்டாவது முடிச்சையும் போட்டு, என் விரல் உள்ளே இருப்பது தெரியாமல், பலம் கொண்ட மட்டும் இழுத்துக்கொண்டே இருந்தாள். நானும் எடுக்கவில்லை.